பிடித்திருந்த கை

எஸ்தர் அக்கா இறந்த செய்தி வந்தபோது கிளினிக்கில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அக்காவின் தம்பி போனில் சொன்னார். நான் வெளியே வந்து, "இன்னிக்கு பார்க்க மாட்டாங்க" என்றேன். "நாளைக்கு வரலாமா?" என்று ஒருவர் கேட்டார். நான் கிளினிக் கதவைச் சாத்தினேன். அன்று வாயால் சொல்ல முடியாததை, அக்காவைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாரம் தூக்கித் தோள் தசைநார் கிழிந்தவர்கள் அக்காவிடம்தான் பிசியோதெரபிக்கு வருவார்கள். பத்தாவதோடு நின்றுவிட்ட நான் அவருக்கு உதவிக்கு இருந்தேன். தள்ளும் பலத்தை அளக்கிற உள்ளங்கை அகல மெஷினை வந்தவரின் மணிக்கட்டில் வைத்து அக்கா அசையாமல் பிடித்துக்கொள்வார். வந்தவர் அதை முழு பலத்தோடு தள்ள வேண்டும். முதலில் நல்ல கை, பிறகு வலிக்கிற கை. "தள்ளுங்க", "போதும்" என்று சொல்வது என் வேலை. உருக்காலையில் வேலை பார்த்த ஏழுமலை அண்ணன், "இன்னா பாப்பா, கோயில்ல வேண்டிக்கினு கீறியா? சத்தமா சொல்லு" என்று கிண்டல் செய்தார். அக்கா சிரிக்கவில்லை. "சத்தம் போட்டா ரோஷம்தான் தள்ளும். எல்லாருக்கும் ஒரே குரல். அவ குரலே போதும்" என்றார்.

ஏழுமலை அண்ணனுக்கு அந்த அளவில்தான் பிழைப்பு இருந்தது. தோளில் பலம் திரும்பிவிட்டது என்று அக்கா எழுதிக் கொடுத்தால்தான் ஆலையில் மறுபடி சேர்ப்பார்கள். ஏறிக்கொண்டே வந்த அளவு மழைக்காலத்தில் இறங்கத் தொடங்கியது. "ஊட்ல தண்ணி கொடம் தூக்குறேன் மேடம், நல்லாத்தான் கீது" என்றார் அவர். நல்ல கையிலும் அளவு குறைந்திருந்தது. வேலையில்லாமல் உடம்பே தளர்ந்துவிட்டது என்று அக்கா நினைத்தார். ஓய்வு கொடுத்து வேறொரு நாள் பார்த்தும் அப்படியே காட்டியது. இன்னும் தயாராகவில்லை என்று எழுதினார். ஆலை வேறு ஆளைப் போட்டது.

பிறகு பார்த்தால், வாட்டசாட்டமான ஆட்கள் எல்லோருக்கும் அளவு குறைந்துகொண்டே வந்தது. அக்கா மெஷினைச் சரிபார்க்க அனுப்பினார். கோளாறு இல்லை என்று திரும்பி வந்தது. அன்று மாலை அதை ஜன்னல் கம்பியில் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, ஏழுமலை அண்ணனை வரவழைத்தார். நான் அதே குரலில் சொன்னேன். அவர் தோளுக்கு அவ்வளவு அளவு வந்து நான் பார்த்ததில்லை. அக்கா தன் வலது கையை விரித்து மூடிப் பார்த்தார்.

"நீங்க தள்ளினப்போ என் கைதான் விட்டுக் கொடுத்திருக்கு. எனக்கே தெரியல."

மறுநாள் அக்காவே ஆலைக்குப் போனார். ஆள் எடுத்தாகிவிட்டது என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். ஏழுமலை அண்ணன் இப்போது காக்களூரில் வாட்ச்மேன். அக்கா பரிசோதனைக்காகச் சென்னைக்குப் போனார். நரம்பு நோய் என்றார்கள். கையில் தொடங்கி மூச்சில் முடிந்தது.

கடைசியாக வீட்டில் பார்த்தபோது மெஷினைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எந்தக் கை முதலில் என்று கேட்டேன். "நல்ல கை" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "எதுலயாவது வை" என்றார். நான் பிடித்துக்கொண்டேன். "தள்ளுங்க" என்றேன். குரலை இளக்கவில்லை. மெஷினில் ஒன்றும் ஏறவில்லை. "போதும்" என்றேன். "சரியா சொன்ன" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பெல்ட் இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது. அக்கா இடத்துக்கு அடுத்து வருகிறவர் அதைக் கழற்றச் சொன்னால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லுவேன். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த பெல்ட்டும், யாருக்கும் ஏற்றாமல் இறக்காமல் சொல்லும் இந்தக் குரலும்தான்.