காற்றுப் படாத வீடு

காலையில் எழுந்ததும் மற்றவர்கள் சாமி கும்பிடுவார்கள். நான் வானிலை பார்ப்பேன். இருபத்தெட்டு வருடம் மெல்பேர்ணில் மோட்டார்சைக்கிளில் வீடு வீடாகக் கடிதம் போட்டவனுக்கு அது ஒரு வியாதியாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றைக்கு மழையா, காற்று எந்தப் பக்கம், கையுறை ஒன்றா இரண்டா என்று தெரியாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஓய்வு பெற்று ஒரு வருடமாகியும் பழக்கம் போகவில்லை. ஐந்தரை மணிக்குப் போனைத் திறந்து பார்த்துவிட்டு, குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் மனைவிக்கு உரத்து வாசிப்பேன்.

"குறைஞ்சது மூண்டு டிகிரியாம். ஆனா உடம்புக்கு ஒரு டிகிரி மாதிரித்தான் இருக்குமாம்."

"ஓம், ஓம். நீங்கள் சொன்னாப் பிறகுதானே இந்த ஊருக்குக் குளிர் வாறது" என்பாள்.

போன மே மாதக் கடைசியில், இங்கே குளிர்காலம் தொடங்கும் நேரம், எங்கள் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. மருமகனுக்குச் சிட்னியில், பரமட்டாவில் வேலை. திங்கட்கிழமை விடியப் பறந்தால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து மகளை நேரே கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். முப்பத்தொரு நாள் துடக்கு. அது கழியும்வரை மலையடிவாரத்து 'பேசின்' பிள்ளையார் கோயிலுக்குக்கூடப் போக முடியாது. தலைக்குத் துணிக்கட்டு, காதுக்குப் பஞ்சு, சாப்பாட்டுக்குச் சரக்குக்கறி. எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாது. பட்டால் சன்னி. எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இங்கேயே படித்து வளர்ந்த மகள்கூட "ஓகே, முப்பத்தொரு நாள் மட்டும்" என்று சிரித்துக்கொண்டு தலைக்குக் கட்டிக்கொண்டாள்.

எங்கள் வீடு பழைய செங்கல் வீடு. மகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கவேண்டும் என்று அதன் சேர்க்கை எல்லைக்குள் தேடி வாங்கியது. பள்ளிக்கூடம் நல்லதுதான், வீடு சல்லடை. ஒவ்வொரு அறையிலும் சுவரின் மேல்மூலையில், கூரைக்குச் சற்றுக் கீழே, வெளிக்காற்று வருவதற்கென்றே ஒரு துவாரம் வைத்துக் கட்டியிருந்தார்கள். எந்த மடையன் இந்தக் குளிர்நாட்டில் சுவரில் ஓட்டை வைத்தான் என்று வருடா வருடம் திட்டுவேன். ஹோலில் ஒரு பழைய காஸ் ஹீட்டர். அதன் புகை ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும்.

மகள் வந்த மறுநாளே ஏணியை எடுத்துவிட்டேன். கடதாசி மட்டையை அளவாக வெட்டி, ஒவ்வொரு துவாரத்தையும் மூடி, சுற்றிவர வெள்ளி நிற டேப்பால் ஒட்டினேன். கதவுகளின் கீழே பழைய துவாய்களைச் சுருட்டி வைத்தேன். "வெள்ளம் வரமுன்னம் அணை கட்டவேணும்" என்று ஏணியில் நின்றபடி மனைவிக்குப் பிரசங்கம் வேறு. வேலை முடிந்ததும் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி அறை அறையாகப் பிடித்துப் பார்த்தேன். சுடர் அசையவேயில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

குசினியில் அடுப்புக்கு மேலே புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறி இருக்கிறது. அந்த வாரம் மனைவி அதை நிறுத்தவேயில்லை. மல்லி, மிளகு, சீரகம் வறுப்பாள், உள்ளி வதக்குவாள், பிறகு மீன் சரக்குக்கறி. பச்சைப் பிள்ளையின் உடுப்பில் கறிமணம் ஏறக்கூடாது என்று காலையில் போட்ட விசிறி பொழுதுபடும்வரை இரைந்துகொண்டிருக்கும். நான் வெளிக்காற்றை உள்ளே வரவிடவில்லை. அவள் உள்ளே இருந்த காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. இப்போது எழுதும்போது இது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அப்போது எங்கள் இருவருக்குமே அது பிள்ளையில் வைத்த பாசமாகத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை வானிலை, தெற்கிலிருந்து குளிர்காற்றும் தூறலும் என்றது. மருமகன் விடியவே விமான நிலையத்துக்குப் போய்விட்டார். நான் ஹீட்டரை ஒரு படி கூட்டினேன். மத்தியானம் மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்தாள்.

"அம்மா, தலையிடிக்குது. சத்தி வாற மாதிரி வயிறும் குமட்டுது."

"நித்திரை இல்லைத்தானே பிள்ளை. கொஞ்சம் படு" என்றாள் மனைவி.

நான் காரணத்தைத் தேடினேன், கண்டும் பிடித்தேன். அவளுடைய அறை யன்னலின் கீழ்விளிம்பில் நூல் அளவு இடைவெளி இருந்தது. அதற்குள்ளால்தான் குளிர் ஏறுகிறது என்று முடிவுகட்டி அதையும் டேப்பால் அடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை தென்மேற்குக் காற்று, டண்டினோங் மலைப்பக்கம் ஆலங்கட்டி மழை. ஹீட்டரை இன்னொரு படி கூட்டினேன். மகளுக்குத் தலையிடியோடு தலைச்சுற்றும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் வெயில் எறித்த நேரம் பார்த்து, எங்களுக்குச் சொல்லாமல் பிள்ளையின் துணிகளை எடுத்துக்கொண்டு பின்வளவுக் கொடிக்குப் போய்விட்டாள். தலைக்கட்டும் இல்லை. நான் கண்டுவிட்டு ஓடினேன்.

"அப்பா, வெளியில நிண்டா தலையிடி போகுது. சீரியஸா சொல்றன். உள்ளுக்கு வந்தா திரும்ப வருது."

"குளிர் மண்டைக்குள்ள ஏறி விறைச்சுப்போனா நோ தெரியாதுதானே! விசர்க் கதை கதைக்காமல் உள்ள போ. சன்னி வந்தா ஆர் பாக்கிறது?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் துணிக்கூடையைப் பறித்துக்கொண்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்தித் துவாயையும் காலால் தள்ளி இறுக்கினேன். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். என் பிள்ளை அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

பேத்தி அழவேயில்லை. பால் குடிக்கக்கூட அவளை எழுப்பவேண்டியிருந்தது. எழுப்பினாலும் இரண்டு வாய் குடித்துவிட்டு உறங்கிவிடுவாள். "தாயைப்போல இல்லை, இவள் தங்கமான பிள்ளை" என்று ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்துப் பீற்றிக்கொண்டேன். "உப்பிடிச் சொல்லாதை, நாவூறு பட்டிடும்" என்றாள் அக்கா.

புதன்கிழமை மனைவிக்கும் தலையிடி. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. நான்தானே விடிய வெளியே போய் வானத்தைப் பார்க்கிறவன், பால் என்றும் பாண் என்றும் நாலு தரம் கடைக்கு நடக்கிறவன். அதை நான் என் உடம்பின் பலம் என்று நினைத்தேன். "மழையிலயும் குளிரிலயும் அடிபட்ட உடம்பு இது. உங்களைப்போல இல்லை" என்று மனைவியைக் கிண்டல் பண்ணினேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிச் சொல்கிறவள், கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அன்று பின்னேரம் வானிலையில், வானம் வெளிக்கும், காற்று முற்றாக ஓயும், மறுநாள் காலையில் இந்த வருடத்தின் முதல் கடும் உறைபனி என்று இருந்தது. படுக்கப் போகுமுன் ஹீட்டரின் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை விடிந்தபோது புல் முழுக்க வெள்ளை. இலைகூட அசையவில்லை. பத்து மணிக்கு நகரசபையிலிருந்து தாதி வந்தாள். இங்கே பிள்ளை பிறந்தால் முதல் வாரங்களில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். உயரமான வெள்ளைக்காரப் பெண், நல்ல சிரித்த முகம். பிள்ளையை நிறுத்துப் பார்த்தாள். அதன் கையைத் தூக்கிவிட்டாள். கை ஈரத்துணிபோலப் பொத்தென்று விழுந்தது. இன்னொரு தரம் தூக்கிவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

எப்போதிலிருந்து இப்படித் தூங்குகிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மகளிடம், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தலையிடி என்றாள் மகள். மனைவி கேளாமலே, தனக்கும் என்றாள். தாதி திரும்பி ஹீட்டரைப் பார்த்தாள். குசினிப் பக்கம் காதைக் கொடுத்து விசிறியின் இரைச்சலைக் கேட்டாள். பிறகு மெல்லத் தலையை உயர்த்திச் சுவரின் மேல்மூலையில் மின்னிய வெள்ளி டேப்பைப் பார்த்தாள்.

"அது என்ன?"

"நான்தான் ஒட்டினேன். எல்லா அறையிலும்" என்றேன். சத்தியமாக, கெட்டிக்காரன் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் ஒரே எட்டில் போய் ஹீட்டரை நிறுத்தினாள். முன்கதவை அகலத் திறந்தாள். "எல்லாரும் வெளியே. இப்பவே. ஒன்றும் எடுக்கவேண்டாம்." நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தப் பார்த்தேன். "பச்சைப் பிள்ளை! வெளியே இரண்டு டிகிரி!" என்று அவளிடம் கத்தினேன். அவள் காலை வைத்துக் கதவைத் தடுத்தாள். தன் கோட்டுக்குள் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு புல்லுக்கு இறங்கினாள். மகள் செருப்புமில்லாமல் வெறும் மேசுக்காலோடு உறைபனியில் நின்று தள்ளாடினாள். மனைவி வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். தாதி போனில் அம்புலன்ஸுக்கு விலாசம் சொன்னாள். அப்போதுதான் 'கார்பன் மொனொக்சைட்' என்ற சொல் முதன்முதலாக என் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். மனைவி அன்று பின்னேரமே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மகளுக்கு மறுநாள் தெளிந்தது. பிள்ளையை வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். சிட்னியிலிருந்து கிடைத்த விமானத்தில் மருமகன் வந்து சேர்ந்தார். வந்தவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மாமா, அந்த ஹீட்டரைக் கடைசியா எப்ப சேர்விஸ் செய்தனீங்கள்?"

"அது எரியுதுதானே எண்டு..." என்று தொடங்கினேன்.  அவர் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையிடம் போனார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பிறகு காஸ் பழுது பார்க்கிறவர் வந்து காட்டினார். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஹீட்டரின் வாயருகே பிடித்தார். புகை மெல்ல மேலே ஏறிக் குழாய்க்குள் போனது. குசினி விசிறியைப் போட்டார். போன புகை நின்று, திரும்பி, அறைக்குள் வந்தது. விசிறிக்குக் காற்று வேண்டும். நீங்கள் எல்லா வழியையும் அடைத்துவிட்டால் அது கூரைக்குழாய் வழியாகத்தான் இழுக்கும், நஞ்சும் அதோடு கீழே வரும் என்றார். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் விஷயம். எனக்கு அறுபத்திரண்டு வயது.

டொக்டர் நல்லவர், பொய் சொல்லவில்லை. இப்போது இரத்தத்தில் ஒன்றுமில்லை என்றார். ஆனால் இவ்வளவு சின்ன வயதில் மூளைக்கு ஏதும் நடந்திருக்கிறதா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது, வளர வளரத்தான் தெரியும் என்றார். கழுத்து நிற்கிறதா, உடம்பு பிரட்டிக் குப்புறப் படுக்கிறாளா, எழும்பி இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். எப்போது தெரியும் என்று கேட்டேன். அவர் கையை விரித்தார்.

இப்போது வெயில்காலம் தொடங்கிவிட்டது. பேத்திக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. கழுத்துப் பிந்தித்தான் நின்றது. ஆளைக் கண்டால் சிரிக்கிறாள். என் மூக்கைப் பிடிக்கிறாள். போன் எடுக்கிற ஆட்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "உடம்பு பிரட்டிட்டாளோ?"

"சில பிள்ளையள் பிந்தித்தான் பிரட்டும். இவளின்ர தாயும் அப்பிடித்தான்" என்று மனைவி சமாளிப்பாள். அது பொய். மகள் நாலாம் மாதமே பிரட்டினாள். நானும் மனைவியும் பக்கத்தில் இருந்து கைதட்டினோம்.

மகள் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் பிள்ளையை எங்களிடம்தான் விடுகிறாள். அவள் வேறு எங்கேயாவது விட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "அப்பா, போட்டு வாறன்" என்று பிள்ளையை என் கையில் தரும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடப் பயமாக இருக்கிறது.

இன்று காலையும் ஹோலில் பாயை விரித்துப் பிள்ளையை மல்லாத்திக் கிடத்தினேன். நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு கிலுகிலுப்பையை ஆட்டினேன். தலையை என் பக்கம் திருப்பினாள். கையை நீட்டினாள். ஒரு தோள் பாயை விட்டு எழும்பியது.  தோள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பப் பாயில் விழுந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பிரட்டினவளோ?" என்று மனைவி குசினியிலிருந்து கேட்டாள்.

"இல்லை" என்றேன். எழுந்து மற்றப் பக்கமாகப் போய்ப் படுத்து, திரும்ப ஆட்டத் தொடங்கினேன்.