சுறா எண்ணெயில் ஊறிய எஞ்சின்

சண்டை முடிந்து நான் ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. பின்வளவில், சரிந்து கிடந்த ஓலைக் கொட்டிலுக்குள் என்னுடைய பழைய ஏ40 கார் மட்டும் நின்றது. சக்கரம், கண்ணாடி, பற்றரி எல்லாவற்றையும் யார் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பாரமான எஞ்சினைத் தூக்கப் பஞ்சிப்பட்டு விட்டுவிட்டார்கள் போலும்.

சண்டை தொடங்கியபோது நான் சவூதியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவி கைக்குழந்தையோடு வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தாள். பிறகு அகதி முகாம்தான் அவளுக்கு வீடு. அந்தக் குழந்தை அங்கேயே வளர்ந்து, படித்து, அங்கேயே கலியாணமும் முடித்துவிட்டது. நான் சவூதியிலேயே இருந்து, இடையில் இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்தேன். அதெல்லாம் ஒரு குடித்தனமா? ஊருக்கு வந்ததும் போன் எடுத்து, "இனி வா" என்றேன். அவள் சிரித்தாள்.

"முதல்ல காரை ஓட வையுங்கோ. அதில வந்து ஏத்துவீங்கள் எண்டா வாறன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க வேறு என்ன இருந்தது எனக்கு?

மனைவியின் தம்பி கடலுக்குப் போகாத நாட்களில் உதவிக்கு வந்தான். மூன்று பனங்குற்றிகளைக் கூம்பாக நட்டுக் கட்டி, சங்கிலிக் கப்பி தொங்கவிட்டு, எஞ்சினை வெளியே தூக்கினோம். மேல்மூடியைக் கழற்றியதும் குப்பென்று ஒரு நாற்றம். இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

"அத்தான், இது சுறா எண்ணெய். வள்ளத்துக்குப் பூசுறது. அக்காவின்ர வேலைதான்."

வள்ளம் ஏறுவதற்கு முன் அவள் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் போத்தல் கணக்கில் சுறா எண்ணெயை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள். கடற்கரையில் பிறந்தவளுக்கு, விட்டுப் போகிற எதற்கும் அதைத்தானே பூசத் தெரியும்? அது காய்ந்து, கறுத்து, பிசினாகி, நான்கு பிஸ்டன்களையும் இறுக்கி ஒட்டிவிட்டது.

"விசரி! விசர் பிடிச்சவள்!" என்று வளவு அதிரக் கத்தினேன். மச்சான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டான்.

மண்ணெண்ணெயில் நாட்கணக்காக ஊறவிட்டோம். மரக்கட்டையை வைத்துப் பதமாகத் தட்டினோம். பிஸ்டன்கள் ஒவ்வொன்றாக அசைந்து வந்தன. உள்ளே துடைத்துப் பார்த்தேன். உப்புக்காற்றில் கதவுப் பிணைச்சல்கூடத் துருப்பிடித்து உதிர்ந்து கொட்டிய அந்த வளவில், சிலிண்டருக்குள் ஒரு பொட்டுக் கறள் இல்லை. ஊரே ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், இடுப்பில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, என் காரை நினைத்திருக்கிறாள்.

புது றிங்குகளும் பெயாரிங்குகளும் வவுனியாவில் கிடைத்தன. வால்வுகளை நானே அரைத்தேன். வால்வில் பொருத்திய தடியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டி உருட்டி அரைக்கிற வேலை. கை அதுபாட்டுக்கு ஓடும், மனம் வேறெங்கோ போய்விடும். கலியாணம் முடித்த புதிதில் மடுத் திருவிழாவுக்கு இந்தக் காரில் போனபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு முன் சீற்றில் சம்மணம் கொட்டி இருந்தாள். வழி நெடுக ஒரே கதை. வாயை மூடு என்று அதட்டியிருக்கிறேன். இப்போது அந்தக் கதையைக் கேட்க எவ்வளவு ஆசையாக இருந்தது!

எஞ்சினைத் திரும்பப் பூட்டிய அன்று, கடன் வாங்கிய பற்றரியைக் கொழுவி, கார்த் திறப்பைத் திருப்பினேன். இருமியது, செருமியது, கடைசியில் பிடித்துக்கொண்டது. உடனே அவளுக்குப் போன் எடுத்து, போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பிறகு காதில் வைத்தேன்.

"ஓடுது என்ன?" என்றாள்.

"ஓம். எப்ப வாறாய்?"

அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. எங்கள் பேரன்.

"இவன் நான் இல்லாட்டி நித்திரை கொள்ளமாட்டானப்பா. மகளும் வேலைக்குப் போறவள். விட்டிட்டு எப்படி வாறது, சொல்லுங்கோ?"

கதை முடிந்தது என்று நினைத்து, "சரி, எஞ்சினை நிப்பாட்டுறன்," என்று திறப்பில் கையை வைத்தேன்.

"நிப்பாட்டாதேங்கோ," என்றாள். "இன்னும் கொஞ்சம் கேட்பம்."

தாங்கியில் இருந்த பெற்றோல் தீரும்வரை போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.