முன்சக்கரத்துக் காந்தம்

எங்கள் பங்குக் கோயிலின் அறுப்புத் திருநாள் ஏலத்தில் வழக்கமாகப் பூசணிக்காயும் சேவலும்தான் போகும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் ஒரு சைக்கிள் வந்தது. சொந்த நாட்டுக்கே திரும்பிவிட்ட வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போனது. முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் சின்னச் சொம்பு அளவுக்குப் பெருத்திருந்ததால், மிதிக்கக் கனமாக இருக்கும் என்று யாரும் ஏலம் கேட்கவில்லை. அப்பா கேட்டார். எனக்காகத்தான் கேட்டார்.

அந்தப் பெருத்த ஹப்புக்குள் இருந்தது டைனமோ. மற்ற சைக்கிள்களின் டைனமோ டயரோடு உரசிக் கிர்ரென்று கத்தும், மிதிப்பவரின் காலைப் பிடித்து இழுக்கும். என்னுடையது வாயே திறக்காது. உள்ளே கம்பிச்சுருள் அச்சோடு அசையாமல் நிற்கும். அதைச் சுற்றி வளையமாக ஒரு காந்தம் சக்கரத்தோடு சுழலும், விளக்கு எரியும். இதை யாரும் கேட்காமலே ஊர் முழுக்க விளக்கிக்கொண்டிருந்தேன். தலைக்கனம் எனக்கு அப்போது கொஞ்சம் அதிகம்.

அந்த விளக்கை நம்பித்தான் என்னைப் பென்னாகரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்தார்கள். மாலை ஐந்தரை மணி வகுப்பில்தான் மெஷின் காலியாக இருந்தது. வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும். "வெளக்கு எரியற வரைக்கும் போய்ட்டு வா, கண்ணு" என்றார் அப்பா. லோயர் பரீட்சை பாஸானால் வேலை, வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும். எனக்கு அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டில் அது கிடையாது. ஆனால் இன்ஸ்டிடியூட்டில் மெஷின்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டு வைப்போம். சைக்கிள்களும் வரிசையில் நிற்கும். எல்லோரும் மேலோட்டமாகத் துடைத்தார்கள். எனக்கு அது போதவில்லை. ஹப்பைப் பிரித்து, காந்த வளையத்தை வெளியே உருவி, கழுவி, சந்தனம் வைத்து, மெஷின்களோடு பலகையில் வைத்தேன். பூஜைக்கு வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பதால் மறுநாள்தான் பூட்டினேன். அன்று மாலை விளக்கு மின்மினி மாதிரி எரிந்தது.

காரணம் புரியவில்லை. இத்தனை பீற்றிக்கொண்ட பிறகு வெளியே சொல்ல வெட்கம். சொன்னால் வகுப்பு நின்றுவிடும் என்ற பயம் வேறு. வேகமாக மிதித்தால் வெளிச்சம் கொஞ்சம் கூடியது. எங்கள் நிலத்தருகே சாலை திரும்பும் இடத்தில் அப்பா தினமும் வந்து நிற்பார். அவர் கண்ணில் வெளிச்சம் படவேண்டும் என்று அதுவரை ஒரே மூச்சாக மிதித்தேன்.

நான்காம் நாள் அவர் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார். எனக்கு மூச்சு இரைத்தது.

"யாரு தொரத்தறாங்க?"

"யாருமில்லப்பா."

"நாலு நாளா பாக்கறேன். பேய் தொரத்தற மாதிரி வர்ற. பேரைச் சொல்லு."

"நெசமாவே யாருமில்லப்பா."

"சொல்லாட்டிப் போ. நாளையில இருந்து கிளாசு வேணாம்."

வகுப்பைக் காப்பாற்றப் போட்ட வேகமே அதற்கு உலை வைத்துவிட்டது. அங்கேயே அழுதபடி எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றி, விளக்கைப் பார்த்தார்.

மறுநாள் காலை பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே காயில் கட்டுவது கடைக்காரரின் மனைவி. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"காந்தத்த வெளிய உருவுனியா?"

"ஆமாங்க்கா. கழுவறதுக்கு."

"அது சுருளை விட்டு வெளிய வந்தா சத்து எறங்கிப்போவும்மா. கழுவி வேற வெச்சியா?" என்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

ஹப்பைப் பிரிக்காமலே, இரண்டு லாரி பேட்டரிகளிலிருந்து ஒயர் இழுத்து, விளக்குக்குப் போகும் முனைகளில் கண் இமைக்கும் நேரம் தொட்டு எடுத்தார். பொறி பறந்தது. சுருளில் பாயும் கரண்ட் காந்தத்துக்குச் சத்தை மறுபடி ஏற்றுமாம். சக்கரத்தைத் துளி நகர்த்தி மறுபடி தொட்டார். பிறகு சுற்றிப் பார்த்தார். பழைய வெளிச்சம் முழுதாக வரவில்லை. ஆனால் சாதாரணமாக மிதித்தால் வழி தெரியும் அளவுக்கு எரிந்தது.

திரும்பும்போது, "கிளாசுக்குப் போலாமாப்பா?" என்று கேட்டேன்.

"போ. வெளக்கு கெட்டா கெட்டுச்சுன்னு சொல்லும்மா. அரிக்கேன் வெளக்க எடுத்துகிட்டு நானே எதுக்க வந்திருப்பேன்."

நான்கு நாட்களாக நான் இருட்டுக்குப் பயப்படவில்லை, இந்த மனிதருக்குத்தான் பயந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னை நினைத்து எனக்கே கோபம் வந்தது.

பரீட்சையில் பாஸானதும் அது எனக்குச் சோறு போட்டதும் பின்னால் நடந்தவை. அன்று மாலை அவசரமில்லாமல் மிதித்து வந்தேன். திருப்பத்தில் யாரும் நிற்கவில்லை. அப்பா வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "வந்துட்டியா" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.