இந்துமதி திரும்பி வந்த பதினோரு பக்கம்

பாக்கியலட்சுமிக்கு எழுத்தாளர்கள் என்றாலே ஆகாது. ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். சிங்கப்பூர் தேக்காவில், பஃபலோ ரோட்டில், மசாலா அரைக்கும் மில்லுக்கும் பூக்கடைக்கும் நடுவில் இருந்த அவளுடைய வாடகைப் புத்தகக் கடையில் எழுநூறு நாவல்கள் இருந்தன. எழுநூறையும் படித்திருந்தாள். படித்துப் படித்து வந்த கோபம் அது.

துப்பறியும் கதை எழுதுகிறவர் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார் என்று அடித்துச் சொல்வாள். வில்லன் ஒரே கைத்துப்பாக்கியில் ஒன்பது முறை சுட்டுவிட்டு, பத்தாவது குண்டை யோசித்து யோசித்துச் சுடுகிறானாம். பேய்க்கதைக்காரருக்கு வெள்ளைப் புடவையை விட்டால் வேறு துணி தெரியாது. சரித்திரக் கதைக்காரருக்கு இளவரசியின் இடுப்பை வருணிக்க நாலு பக்கம் வேண்டும், ஆனால் அந்த இளவரசி காலையில் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வரி இருக்காது. இவர்களையாவது மன்னித்துவிடலாம். குடும்பக் கதைக்காரர்கள்தான் கொலைகாரர்கள். கதையில் ஒரு விதவை வந்துவிட்டால் போதும், கடைசி அத்தியாயத்தில் அவளுக்கென்று ஒரு கிணறோ ஆறோ தயாராக இருக்கும்.

“புருஷன் செத்தா பொம்பளைக்குத் தண்ணியில விழுறதைத் தவிர வேற வேலையே இல்லையா?” என்று புத்தகத்தை மேசையில் அறைவாள். புத்தகம் எடுக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

அவளும் விதவைதான். புருஷன் மருதப்பன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் காய்ச்சலில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கொழுந்தன் இராமசாமி நாகப்பட்டினம் கப்பலுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

“ஒத்தப் பொம்பளை இங்க கடை வச்சு என்ன செய்யப் போறீங்க அண்ணி? ஊருக்குப் போயி அண்ணன் தம்பியோட இருங்க.”

“கடைக்கு ஆள் வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

“ஆள் வராமப் போனா?”

“அப்பக் கொண்டாங்க சீட்டை.”

வாய் தவறி வந்த சொல். இராமசாமி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். துறைமுக ஆபீசிலிருந்து திரும்பும்போதெல்லாம் எதிர்க் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் நின்று, கடைக்குள் எத்தனை தலை தெரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கடையில் கூட்டம் குறைந்தால் கப்பல்தான் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கடையின் சரக்கில் பாதி, புத்தகமாக அச்சானதே இல்லை. மெட்ராஸ் வாரப்பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளை வாராவாரம் கத்தரித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் தைத்து அட்டை போட்டு பைண்டு செய்தது. கப்பல் தாமதமாகி ஏதாவது ஒரு வாரத்து இதழ் வராமல் போய்விடும். அந்த இடத்தில் மருதப்பன் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து, அந்தக் கதையை வேறு எங்கோ படித்த யாரிடமாவது கேட்டு, தன் கையால் சுருக்கம் எழுதித் தைப்பார். தேக்காவில் வாடகைப் புத்தகம் படித்த எல்லோருக்கும் இது பழக்கம். அச்சுக்கு நடுவே கையெழுத்து வந்தால், இந்த வாரம் கப்பல் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு மேலே படிப்பார்கள். அவருக்குப் பின் அந்தத் தாள்களைப் பாக்கியலட்சுமி எழுதினாள்.

ஐம்பத்தேழில் ‘ஆற்றங்கரை விளக்கு’ வந்தது. எழுதியவர் பொழிலரசு. அவள் கடைக்கு வரும் ஒரே இதழைக் கைமாற்றிப் படித்து, தொடர்ந்து நாற்பது வாரம் தேக்காவே அந்தக் கதையைப் பற்றித்தான் பேசியது. கதாநாயகி இந்துமதி இருபத்து நான்கு வயது விதவை. கிராமத்தில் தனி ஆளாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். முதல் தடவையாக ஒரு எழுத்தாளர் மேல் பாக்கியலட்சுமிக்கு மரியாதை வந்தது. இந்த மனுஷனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று வாய்விட்டே சொன்னாள்.

கடைசி வாரத்து இதழ் வந்தது. தங்கையின் கல்யாணத்துக்குத் தான் அபசகுனமாக நிற்கக் கூடாதென்று, இந்துமதி விடிகாலையில் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறாள். குடம் மட்டும் மிதக்கிறது.

பாக்கியலட்சுமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்பது வாரம் ஒருத்தியை நடக்கவிட்டு, பேசவிட்டு, பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுக்கவிட்டு, கடைசியில் தண்ணீரில் தள்ளிவிட்டானே பாவி! அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டாள். மூன்று நாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, பதினோரு பக்கம் எழுதினாள்.

அவளுடைய இந்துமதியும் குடத்தோடு ஆற்றுக்குப் போனாள். படித்துறையில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லித் திட்டினாள். அதற்கே ஆறு பக்கம் ஆயிற்று. பிறகு முகத்தைக் கழுவினாள். கடைசி வரி இப்படி இருந்தது: ‘குடம் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு இந்துமதி வீட்டுக்கு வந்தாள், பிள்ளைகள் வருவதற்குள் உலை வைக்க வேண்டும்.’

பைண்டு செய்து வெளியே விட்டாள். வேறு எங்கோ பத்திரிகையில் படித்த ஒன்றிரண்டு பேர் வந்து கேட்டார்கள். “எழுத்தாளரே பிறகு மாத்திட்டாராம்லா, மெட்ராஸ்ல இருந்து எழுதியிருந்தாங்க” என்று கண் இமைக்காமல் சொன்னாள். அந்த ஒரு புத்தகம் நான்கு முறை அட்டை மாற்றும்வரை ஓடியது. அதற்குப் பிறகு இன்னும் ஆறு விதவைகளை அவள் கிணற்றிலிருந்து மேலே ஏற்றினாள். ஒருத்தியை ரயில் தண்டவாளத்திலிருந்தும் எழுப்பிவிட்டாள்.

‘ஆற்றங்கரை விளக்கை’ ஒன்பது முறை எடுத்துப் படித்தவள் ருக்கையா. கப்பலில் மூட்டை இறக்கும்போது அடிபட்டு இறந்தவனின் மனைவி. முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது முகத்தை நிமிர்த்தவே இல்லை. ஒன்பதாவது தடவை திருப்பிக் கொடுக்கும்போது, தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் தையல் மிஷின் ஒன்று போட்டு உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

அறுபத்திரண்டில் அந்தச் செய்தி வந்தது. பொழிலரசு சிங்கப்பூருக்கு வருகிறார். வரவேற்புக் குழுவின் செயலாளர் யார் என்று கேட்கவே வேண்டாம். இராமசாமி கடைவாசலுக்கே வந்து நோட்டீஸ் கொடுத்தார்.

“நீங்க முன் வரிசையில உட்காரணும் அண்ணி. அவரு புத்தகத்தை வச்சுத்தானே உங்க கடையே ஓடுது?”

பாக்கியலட்சுமி நோட்டீஸை மடித்து மேசை இழுப்பறையில் போட்டாள். மண்டபத்தில் யாராவது அந்த முடிவைப் பற்றி வாய் திறந்தால் போதும். நான் அப்படி எழுதவில்லையே என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொன்னால், ஐந்து வருஷமாகத் தேக்காவை ஏமாற்றியவள் என்று பேர் வந்துவிடும். பிறகு எவள் புத்தகம் எடுக்க வருவாள்? கப்பல் சீட்டு இராமசாமியின் சட்டைப்பையில் தயாராக இருக்கும். போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தாள். போகாமல் இருந்தால் என்ன பேசினார்கள் என்று தெரியாமல் செத்துப்போவாள். போனாள்.

பொழிலரசு ஜிப்பா போட்டு, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் பேசினார். பெண்மை என்றார், தியாகம் என்றார், மெழுகுவர்த்தி என்றார். மெழுகுவர்த்தி மூன்று தடவை வந்தது. பாக்கியலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்று இராமசாமி சொன்னார். பெண்கள் பக்கத்தில் ருக்கையா எழுந்து நின்றாள்.

“ஐயா, ‘ஆற்றங்கரை விளக்கு’ கதையில இந்துமதியைச் சாக விடாம திரும்ப வர வச்சீங்களே, அந்த முடிவை எப்படி எழுதினீங்க?”

பாக்கியலட்சுமி வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்தாள். ஆயிற்று, எல்லாம் போயிற்று.

பொழிலரசுவின் முகம் ஒரு நொடி வெறுமையாக இருந்தது. மண்டபத்தைப் பார்த்தார். பெண்கள் எல்லோரும் ஆவலாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் மெதுவாகச் சிரிப்பு பரவியது.

“அம்மா, அந்த முடிவுக்காக நான் பல இரவுகள் உறங்கவில்லை. கொல்லத்தான் எழுதுகோலை எடுத்தேன். என் இந்துமதி கண்ணீரோடு என்னைப் பார்த்தாள். வாழட்டும் என்று விட்டுவிட்டேன்.”

மண்டபம் கைதட்டியது. இராமசாமி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

பிழைத்தோம் என்று பாக்கியலட்சுமிக்கு ஒரு மூச்சு வந்தது. அந்த ஒரு மூச்சுத்தான். கடை பிழைத்தது, கப்பல் இல்லை, பேசாமல் உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரி. ஆனால் அந்தச் சிரிப்பு! தண்ணீரில் தள்ளியவன் தூக்கிவிட்டவனாக நின்று மாலை வாங்கிக்கொண்டிருக்கிறான். கப்பலும் வேண்டாம் கடையும் வேண்டாம் என்று காலே எழுந்துவிட்டது.

“ஐயா, ஒரு சின்னக் கேள்வி. ஆத்துக்குப் போன இந்துமதி என்ன கொண்டுக்கிட்டுத் திரும்பி வந்தா?”

பொழிலரசு கண்ணை மூடித் திறந்தார். “நம்பிக்கையை அம்மா. நம்பிக்கையைக் கொண்டு திரும்பினாள்.”

ஆண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடுத்தவளும் சிரித்தாள்.

“தண்ணி!” என்றாள் ருக்கையா உரக்க. “குடம் நிறையத் தண்ணி. உலை வைக்கணும்ல?”

“பிள்ளைங்க வர்றதுக்குள்ள!” என்று பின்னாலிருந்து இன்னொரு குரல் முடித்தது.

கைதட்டல் பாதியில் நின்றது. “அண்ணி, உட்காருங்க” என்று இராமசாமி ஒலிபெருக்கியிலேயே சொன்னார்.

“உட்கார மாட்டேன். இவரு அவளைக் கொன்னாரு. நாற்பதாவது வாரம், விடியக்காலம், குடம் மட்டும் மிதந்துச்சு. நான் அதைக் கிழிச்சு அடுப்புல போட்டேன். அந்தப் பதினோரு பக்கமும் நான் எழுதினது. இவரு எழுதினதுன்னு உங்க எல்லார்கிட்டேயும் பொய் சொன்னது நான், அதுக்கு என்னைத் திட்டுங்க. ஆனா அவளைப் பொழைக்க வச்சது இவரு இல்ல.”

பொழிலரசு சோடாவை எடுத்துக் குடித்தார். பாக்கியலட்சுமி விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டாள். பின்னாலேயே ருக்கையா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“அக்கா, நில்லுங்க! எங்களுக்குத் தெரியாதா? பதிவு நோட்டுல எங்க பேரை எழுதுற அதே கைதானே, நீங்க கடையில திட்டுற அதே திட்டுத்தானே புத்தகத்துலயும் இருக்கு? நீங்க எழுதினதுன்னு ரெண்டாவது தடவை படிக்கிறப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டேவா அவருக்கிட்ட கேட்ட?”

“நான் அப்படி எழுதலையேன்னு அவரு சொல்வாருன்னு நெனச்சேன். சொன்னதும் உங்க பேரைச் சொல்லிடலாம்னு இருந்தேன். அந்த ஆளு இப்படிக் கூசாம வாங்கிக்குவாருன்னு யாருக்குத் தெரியும்?”

“அஞ்சு வருஷமா ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களாடி?”

“சொல்லி, நீங்க பயந்து எழுதறதை விட்டுட்டா? நாங்க என்னத்தைப் படிக்கிறது?”

பாக்கியலட்சுமிக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. “செருப்பைப் போடு, தரை சுடுது” என்றாள்.

மறுநாள் இராமசாமி எதிர் ஐந்தடிக்கு வந்து நின்றார். கடைக்குள் ஆளுக்கு மேல் ஆள் நின்றதால் அவரால் எண்ண முடியவில்லை. சீட்டுப் பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவில்லை. அவளிடம் இரண்டு வருஷம் பேசவுமில்லை. அதற்காக அவள் ஒரு சொட்டுக்கூட வருத்தப்படவில்லை.

அறுபத்து நான்கில் அவரே காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு கடைப்படி ஏறினார். மெட்ராசில் ‘ஆற்றங்கரை விளக்கு’ முதன்முறையாகப் புத்தகமாக வந்துவிட்டது. கெட்டி அட்டை, மூன்று வண்ணப் படம்.

“பார்த்தீங்களா அண்ணி, அவரு இந்துமதியைப் பொழைக்க வச்சுட்டாரு. இனி உங்களுக்கு என்ன கோபம்?”

பாக்கியலட்சுமி நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். படித்துறை இருந்தது. முகம் கழுவியது இருந்தது; ஊர் திரும்புமுன் யாரையோ விட்டு அவள் புத்தகத்தை வாடகைக்கு எடுத்துப் படித்திருக்க வேண்டும். ஆறு பக்கத் திட்டு மட்டும் இல்லை, அந்த இடத்தில் இந்துமதி ஊரையெல்லாம் மன்னித்திருந்தாள். கடைசி வரி: ‘குடத்தில் தண்ணீரையும் நெஞ்சில் நம்பிக்கையையும் நிரப்பிக்கொண்டு, அந்த மெழுகுவர்த்தி வீடு திரும்பியது.’

திருடினதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த மெழுகுவர்த்தியைப் பொறுக்க முடியவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து பைண்டிங் கத்தியை எடுத்தாள்.

“அண்ணி, புதுப் புத்தகம்! நான் ஆர்டர் பண்ணி வரவழைச்சது!”

அவள் கேட்கவில்லை. அட்டை கெடாமல் கடைசி அத்தியாயத்தை மட்டும் வேரோடு அறுத்து எடுத்தாள். பழைய புத்தகத்திலிருந்து தன் பதினோரு பக்கத்தைப் பிரித்து, அந்த இடத்தில் வைத்து, கெட்டி நூலால் தைத்தாள். பிறகு அவள் பேனாவை எடுத்து, முதல் தடவையாக, உலை வைக்க வேண்டும் என்ற வரிக்குக் கீழே எழுதினாள்: இந்தப் பதினோரு பக்கத்தை எழுதியவள் ம. பாக்கியலட்சுமி, பஃபலோ ரோடு.

“இந்தாங்க,” என்று புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள். “முதல்ல நீங்க படிங்க. அந்த ஆறு பக்கத்தை மெதுவாப் படிங்க, உங்க பேரும் அதுல இருக்கு.”