றைனரின் நடுங்கிய விரல்

இலண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டில் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தபோது தம்பி மகள் சுகந்தியின் போன் வந்தது. "பெரியப்பா, றைனர் போயிட்டார்." பிடித்த வாரை விட்டுவிட்டேன். எனக்கு எழுத வராது. அவரை அறிந்தவர்களுக்காக நான் சொல்ல, அவளே எழுதுகிறாள்.

றைனர் ஜெர்மன்காரர். மின்சாரத்தில் இசை பிறக்கும் என்று யாரும் நம்பாத காலத்தில், பழைய ரேடியோக்களைக் கழற்றித் தானே கருவி கட்டியவர். முதல் கச்சேரியில், "வாசிக்கிறவன் எங்கே?" என்று கேட்டுச் சனம் எழுந்து போனதாம். "கதவை அடித்துச் சாத்தினார்கள், அதுவும் தாளத்தில்தான் இருந்தது" என்பார். பிறகு அதே சனத்தின் பிள்ளைகள் அவர் இசைக்கு ஆடினார்கள். இலண்டனில் குடியேறிய பின், ஒரு தேர்த்திருவிழாவில் என் தவிலைக் கேட்டுத் தேடி வந்தார். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். அதை வைத்தே சேர்ந்து வாசித்தோம்.

போன வருடம் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நாங்கள் சேர்ந்து வாசித்த கடைசிக் கச்சேரியில் ஒலியைக் கவனித்தவள் சுகந்தி. பயத்தில், அவர் முன்பே வாசித்துப் பதிந்த இசையைத் தயாராக வைத்திருந்தாள்.

"இடையில நிண்டா நான் இதைப் போட்டிடுவன், பெரியப்பா. சனத்துக்குத் தெரியாது."

"அந்த மனுசனுக்குத் தெரியுமே, பிள்ளை."

அவரிடமும் சொன்னாள். முகம் சிவந்துவிட்டது. "அதில் இருப்பது என் பழைய கை. அதை வாசிக்கவிட்டால் நான் எழுந்து போய்விடுவேன்."

பாதிக் கச்சேரியில் அவர் விரல் குமிழிலிருந்து வழுக்கியது. கருவி கீச்சிட்டு நின்றது. சுகந்தியின் கை பொத்தானுக்குப் போனது. அந்த நேரம் பார்த்து றைனரின் சுட்டுவிரல் மேலெழுந்து ஆடியது. கலியாணத்தில் தாலி கட்டும்போது கெடுசொல் காதில் விழக்கூடாதென்று ஐயர் விரலை ஆட்டுவார், நாங்கள் கெட்டிமேளம் கொட்டுவோம். விரலைக் கண்ட என் கை யோசிக்கவில்லை. கொட்டிவிட்டேன்.

றைனர் திடுக்கிட்டு என்னை முறைத்தார். நிறுத்தவும் பயம், அடிக்கவும் பயம் எனக்கு. பிறகு இரண்டு கைகளாலும் குமிழைப் பிடித்தார். சத்தம் வந்தது. அவர் கையைப் போலவே நடுங்கி நடுங்கி வந்தது. தவிலை அதன் பின்னால் விட்டேன். பொத்தானை யாரும் தொடவில்லை. கடைசிவரை அவரே வாசித்தார்.

"விரலைத் தூக்கினீர்களே" என்றேன், மேடைக்குப் பின்னால்.

"தூக்கவில்லை, முட்டாளே. நடுங்கியது." சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்தவர் வெகுநேரம் விடவுமில்லை.

இப்போது தடி பிடிக்கும் என் இடது கையும் ஆடுகிறது. "அடிச்சது காணும் அப்பா, இனி இளம் பெடியள் அடிக்கட்டும்" என்கிறான் மகன். நடுங்கும் கையையும் சபைக்கு முன் நீட்டலாம் என்ற துணிவைத்தான் றைனர் எனக்கு விட்டுப்போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலில் நான்தான் வாசிக்கிறேன்.