புண்ணுக்காரர் வீட்டுக் காயம்

ஸ்டுடியோவில் அவரைப் புண்ணுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு அழகு சேர்க்கிற மேக்கப்காரர்கள் ஒரு பக்கம் இருப்பார்கள். இவர் கோடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரப்பர் பாலையும் பிசினையும் குழைத்துக்கொண்டிருப்பார். வெட்டு, கீறல், தீக்காயம், கன்றிப்போன கன்னம், எதுவானாலும் அவரிடம்தான் வர வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தடவை, அடி வாங்கிய கன்னம் வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, அடிபட்டு வந்தவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு வந்து அப்படியே செய்தார். புது அடி சிவந்து, மினுங்கி, லேசாக வீங்கித்தான் இருக்கும். நீலம் பிறகுதான் ஏறும். டைரக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னய்யா இது, கொசு கடிச்ச மாதிரி?"

"நெசத்துல இப்படித்தான் சார் இருக்கும்."

"நெசத்தை எவன்யா பார்த்திருக்கான்? அவன் பார்த்ததெல்லாம் சினிமாவுலதான். நல்லா நீலமா அடி!"

அன்றிலிருந்து நீலமாகவே அடித்தார். தியேட்டரில் பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். போகப் போக அவருக்கே காயம் என்றால் நீலம் என்று ஆகிவிட்டது.

வீட்டில் ஒரே மகள். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளுக்கு அப்பாவின் பெட்டிதான் விளையாட்டுச் சாமான். முழங்கையில் ஒரு தீக்காயத்தை ஒட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, "ஐயோ அம்மா!" என்று ஒரு கத்து கத்துவாள். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா கத்தரிக்கோலும் கையுமாக ஓடி வருவாள். தெருவே கூடியதும் புண்ணுக்காரர் வாசல் படியில் மகளை உட்கார வைத்து, எண்ணெய் தோய்த்த பஞ்சால் எல்லோர் கண்ணெதிரிலும் துடைப்பார். பஞ்சு சிவப்பாகும், கை வெள்ளையாகும். "அப்பனும் மகளும் விளங்குவீங்களா!" என்று தையல்கார அக்கா திட்டிக்கொண்டே சிரிப்பாள். நாளடைவில் யாரும் ஓடி வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு உண்மையாகவே அழுதாள். அப்போதும் தெரு சிரித்தது. அவரும்தான் முதலில் சிரித்தார்.

மாப்பிள்ளை அமைந்ததும் நல்ல இடமாகத்தான் பட்டது. பேச்சில் பணிவு. வந்தால் மாமியாருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேரே மாமனாரின் வேலை அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். சொந்த மகளுக்குக்கூட கல்யாணத்துக்கு அப்புறம் தன் தொழிலில் இத்தனை அக்கறை இல்லையே என்று புண்ணுக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

"காயம் வைக்கிறது சரி மாமா. இருக்கிறதை மறைக்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

"அது இன்னும் பெரிய வித்தை மாப்பிள்ளை. பச்சை குத்தியிருக்கிற நடிகைங்களுக்கெல்லாம் நான்தான் மறைச்சு விடறேன். ஓரத்துலேர்ந்து நடுவுக்குத் தட்டித் தட்டிப் பூசணும். நடுவுல ஆரம்பிச்சா திட்டாத் தெரிஞ்சிடும்."

மகளின் நிறத்துக்கே குழைத்து ஒரு டப்பா கொடுத்தும் அனுப்பினார். "அவளுக்கு முகத்துல திட்டு இருக்குன்னு கவலைப்படறா மாமா" என்று மாப்பிள்ளைதான் கேட்டான். டப்பா தீர்ந்ததும் இன்னொன்று கேட்டான். அதுவும் சீக்கிரமே தீர்ந்தது. திட்டுக்கு இவ்வளவா என்று அவர் யோசிக்கவில்லை. தன் சரக்குக்கு வீட்டிலேயே கிராக்கி வந்துவிட்டது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

அன்று மத்தியானம் மகள் தனியாக வந்தாள். கையில் பை இல்லை. நேரே வேலை அறைக்கு வந்து, சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, முன்கையை அவர் முன்னால் நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குச் சிவந்து மினுங்கியது.

புண்ணுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"கழுதை வயசாச்சு, இன்னும் விளையாட்டா? நிறம் தப்பு கண்ணு. கொஞ்சம் நீலம் சேர்த்திருக்கணும்." ரப்பரின் ஓரம் எங்கே முடிகிறது என்று கட்டை விரலால் அழுத்தித் தடவினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அட, நடிப்புகூட பரவாயில்லையே!"

சொல்லி முடிப்பதற்குள் விரல் நின்றுவிட்டது. ஓரம் கிடைக்கவில்லை. தோல் கொதித்தது. எத்தனையோ காயம் செய்திருக்கிறார், எதுவும் சுட்டதில்லை.

அடுக்களை வாசலில் நின்ற மனைவி, "என்னங்க?" என்றாள்.

"இன்னிக்குக் கையில அவரு பூசி விடறதுக்குள்ள கெளம்பி வந்துட்டேம்பா" என்றாள் மகள். குரலில் அழுகை இல்லை.

அப்போதுதான் அவர் அவளுடைய கழுத்தைப் பார்த்தார். காதுக்குக் கீழே, ஓரத்திலிருந்து நடுவுக்கு, திட்டே தெரியாமல் தட்டித் தட்டிப் பூசியிருந்தது. அவர் மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த கைவேலை. படிந்து வந்திருந்தது.

வாசலில் பைக் வந்து நின்றது.

மாப்பிள்ளை செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். "அத்தே, கொஞ்சம் தண்ணி." வாங்கி நிதானமாகக் குடித்தான். "வா, போகலாம்" என்றான் மனைவியிடம்.

"அவ வரமாட்டா" என்றார் புண்ணுக்காரர்.

"என்னாச்சு மாமா?"

"கையைப் பார்த்தேன்."

அவன் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பைக் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினான்.

"சரி, யார்கிட்ட சொல்லப் போறீங்க? இந்தத் தெருவுலயா? ஸ்டேஷன்லயா? புண்ணுக்காரர் வீட்டுப் பொண்ணு கையில காயம்னு சொன்னா, அப்பன் நல்லாத்தான் ஒட்டியிருக்கான்னு சொல்லுவாங்க." சிரித்தான். "நீங்களே நம்பியிருக்க மாட்டீங்களே மாமா."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை குனிந்தார்.

பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து எண்ணெய்ப் புட்டியையும் பஞ்சையும் எடுத்தார். மகளின் கையைப் பிடிக்கத் தயங்கி, தோளைத் தொட்டு வாசலுக்கு அழைத்துப்போய்ப் படியில் உட்கார வைத்தார்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன புண்ணுக்காரரே, பொண்ணைக் கட்டிக் கொடுத்தும் உங்க கூத்து ஓயலையா?"

"இங்க வந்து பாரும்மா" என்றார் அவர்.

அவள் சிரித்துக்கொண்டேதான் தெருவைக் கடந்தாள். பக்கத்து மாடியிலிருந்தும் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர் மகளின் கழுத்தில் பஞ்சை வைத்து மெல்ல ஒற்றி எடுத்தார். பஞ்சு சிவப்பாகவில்லை. தோலின் நிறமாக வந்தது. அடியில் நீலம் தெரிந்தது. விளிம்பில் பழுத்த மஞ்சள். இன்னொரு பஞ்சு. மூன்றாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. காயம் அப்படியே இருந்தது. எண்ணெய் பட்டு இன்னும் துலக்கமாகத் தெரிந்தது.

தையல்கார அக்கா குனிந்து விரலால் தொட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஐயோ" என்றாள், அடித் தொண்டையில்.

வீட்டுக்குள் சாவி சுற்றுகிற சத்தம் நிற்கவில்லை.

"முடிஞ்சுதா மாமா?" என்றான் மாப்பிள்ளை உள்ளேயிருந்து. "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. இன்னிக்கு இல்லாட்டி இன்னொரு நாள் கூட்டிட்டுப் போறேன்."

புண்ணுக்காரர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். மகளுக்கும் அவனுக்கும் நடுவில், வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.