பாப்பாவை எங்கே வைத்தீர்கள்?

சென்ற ஆண்டு தை மாதம். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு மலையடிவாரத்தில் தொல்லியல் துறையினர் மிகப் பழைய குடியிருப்பு ஒன்றைத் தோண்டி எடுத்திருப்பதாகவும், பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். என் மகளை அழைத்துக்கொண்டு போனேன். அவளை எப்படியாவது வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் நோக்கம். அங்கே என்ன இருக்கிறது என்று விசாரிக்கவில்லை.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை, பெயர் வைப்பதற்கு முன்பே வேலூரில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனது. மருமகன் வெளிநாட்டில். முடிவெடுக்க வேண்டியவன் நான். பச்சைக் குழந்தையைப் புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் அங்கேயே போய் அழுதுகொண்டிருப்பாள் என்பது எங்கள் உறவில் வழக்கம். நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். வேறு எந்த வழக்கமானாலும் கேள்வி கேட்டிருப்பேன். அன்று இது எனக்கு வசதியாக இருந்தது. எதிர்வீட்டில் தோல் வியாபாரம் செய்யும் பாயிடம் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "எங்கேன்னு எனக்கும் சொல்லாதீங்க பாய், உளறிடுவேன்" என்றேன்.

மகள் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டாள்.

தோண்டிய குழிக்குள் ஒரு வீட்டின் தரை தெரிந்தது. அடுப்பு இருந்த இடத்துக்கு அருகே, தரைக்கு அடியில், ஒரு சின்னப் பானை. அதன் வாயைக் கிண்ணம் ஒன்று மூடியிருந்தது.

"இன்னா சார், ஊறுகாய் ஜாடியா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

விளக்கிக்கொண்டிருந்த துறை இளைஞர் சிரிக்கவில்லை. "உள்ள கைக்கொழந்த எலும்பு இருக்குங்க. பெரியவங்கள ஊருக்கு வெளிய பொதைச்சிருக்காங்க. கொழந்தைங்கள மட்டும் வீட்டுக்குள்ளயே."

"ஏன்?" என்றாள் என் மகள்.

"தெரியலைங்க. பால் குடிக்கிற புள்ளைய தூரமா வுட மனசு வரலையோ என்னமோ. இது என் நெனப்புதான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நம்ம பாப்பாவ எங்கப்பா வச்சீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் நான் செய்தது என்ன என்று எனக்கே விளங்கியது.

நேராக பாய் வீட்டுக்குப் போனோம். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆத்தங்கரைக்குதான் எடுத்துனு போனேன் சார். மணல் அள்ற எடம், நாய் வேற ஜாஸ்தி. மனசு கேக்கல. திரும்பி வந்துட்டேன்" என்றபடி எங்களை வீட்டுக்குள்ளே நடத்திப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

மதில் ஓரமாகச் சுற்றிலும் செங்கல் பதித்த சிறு இடம். நடுவில் ஒரு மருதாணிச் செடி.

"எங்க வீட்ல தெனமும் பெருக்கித் தண்ணி ஊத்துறாங்க. நீங்க சொல்லாதீங்கன்னுட்டீங்க. வாயை மூடினு இருக்கறதுதான் பெரிய பேஜாரா போச்சு" என்றார்.

மகள் மண்ணில் உட்கார்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். குழந்தை போனதிலிருந்து அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. பாயின் மனைவி வந்து, "அழு கண்ணு, நல்லா அழு" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் பாயும் முன்பக்கம் வந்துவிட்டோம். அவர் கடைப் பையனைக் கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னார்.

இப்போது மகள் நினைத்தபோதெல்லாம் தெருவைத் தாண்டி அங்கே போய்வருகிறாள். குழந்தைக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறாள். அவளாகவே வந்து என்னிடம் சொன்னாள். என் பேத்தியின் பெயரைச் சொல்லி அழைக்க எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்றால், அது பாயும் அவர் மனைவியும் எனக்குக் கொடுத்தது.